நன்னடை யாருடைய கடன்?



புறநானூற்றின் 312ஆம் பாடலை அறியாதவர் இவ்வவையில் இருத்தல் அரிது. பொன்முடியார் என்னும் புலவர் பாடிய சிறிய பாடல் அது. ஓர் இளைஞனை ஆளாக்கும் பொறுப்பு அதில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோருக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. எஞ்சியதைச் செய்து முடிப்பது அவ்விளைஞனின் பங்கு. மேடைதோறும் எடுத்தாளப்படும் இப்பாடலில் பலரும் கவனியாது கடந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. அப்பட்டியலில் ஆசிரியர் இல்லை. நன்னடை தருவது வேந்தனின் கடமை என்றே பாடல் கூறுகின்றது.

அதிலும் ஒரு சிக்கல். நன்னடை என்னுமிடத்தில் தண்ணடை என்றொரு பாடமும் உண்டு. தண்ணடை என்பது குளிர்ந்த மருதநிலம். வீரனுக்கு வேந்தன் வழங்கும் கொடை. அப்பாடத்தைக் கொண்டால் வேந்தன் தருவது வயலாகிவிடும். ஒழுக்கம் பட்டியலைவிட்டு நழுவிவிடும். தந்தையின் பங்காகச் சொல்லப்படும் சான்றாண்மைக்கும் அக்காலப் பொருள் வீரமே என்பார் உளர். அங்ஙனமாயின் நல்லொழுக்கத்தைத் தரும் கடன் தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை, அரசனிடமும் இல்லை. பாட வேறுபாட்டை ஆராய்வோர் இருபுறமும் நின்று வாதிடட்டும். இன்றைய வகுப்பறைகளைப் பார்க்கையில், தண்ணடை என்னும் பாடமே நடைமுறையில் வென்றுவிட்டதோ என்று ஐயுற வேண்டியுள்ளது.

நன்னூலின் பொதுப்பாயிரத்திற்கு வந்தால் நிலைமை தலைகீழ். அங்கே ஆசிரியர் யார், ஆசிரியராகாதார் யார், மாணாக்கர் எத்தனை வகையினர், பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்றெல்லாம் விரிவான வரையறை உண்டு. அன்னமும் பசுவும் கிளியும் எருமையும் மாணாக்கருக்கு உவமைகளாக வந்து நிற்கின்றன. மாணாக்கனின் தாய்க்கும் தந்தைக்கும் மட்டும் அங்கு வேலை இல்லை. புறநானூற்றுப் பட்டியலில் பள்ளி இல்லை. நன்னூல் பட்டியலில் வீடு இல்லை. இவ்விரண்டு பட்டியல்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் தமிழ்ப் பிள்ளைகள் நாள்தோறும் புத்தகப்பையுடன் நடந்து போய் வருகின்றனர்.

ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் சொல் "வீட்டில் வளர்ப்புச் சரியில்லை" என்பது. வீட்டு வாசலில் அடிக்கடி கேட்கும் சொல் "பள்ளிக்கூடத்தில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்களா?" என்பது. இரண்டு சொற்களும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. சந்திக்கும் நாள் ஒன்று உண்டு. அது ஏதேனும் ஒரு பிழை நேர்ந்த பிறகு வரும் நாள்.

வீடும் பள்ளியும் ஒன்றுபட்டிருந்த காலம் தமிழகத்தில் இருந்ததே என்று முதியோர் சொல்வர். உண்மைதான். திண்ணைப் பள்ளிக்கூடங்களின் காலத்தில் அவை ஒன்றுபட்டே இருந்தன. பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைக்கும் தந்தை, கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஒப்படைத்தது இன்றும் பழமொழிபோல் நிலைத்திருக்கின்றது. மணலில் எழுதிப் பழகிய கையே பிரம்படிக்கும் நீண்டது. கைகளைக் கயிற்றில் கட்டி மேலே தூக்கித் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனைக்கு இராமபிரானின் வில்லின் பெயரை வைத்தவர் எவரோ தெரியவில்லை. கொடுமைக்கு அழகிய பெயர் சூட்டுவதில் தமிழர் கைதேர்ந்தவர். ஆசிரியர் இல்லாத வேளையில் சட்டாம்பிள்ளை ஆட்சி செய்தான். பள்ளிக்குப் போக மறுத்து ஒளிந்து கொண்ட பிள்ளையைப் பிடித்துவரச் சகமாணவர் சிலர் அனுப்பப்படுவர். வீட்டார் பிள்ளையின் ஒளிவிடத்தைக் காட்டிக் கொடுப்பர். ஒற்றுமைக்கு இதனினும் வேறு சான்று தேவையில்லை. ஆனால் அவ்வொற்றுமை யாருக்கு எதிராக அமைந்தது என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

அக்காலத்தில் அன்பான ஒப்படைப்பும் இருந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. உ.வே. சாமிநாதையரின் தந்தையார், மகனின் தமிழ்க் கல்விக்காகக் குடும்பத்தையே ஊர்விட்டு ஊர் கொண்டுசென்றவர்; இறுதியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைச் சேர்த்தவர். "என் சரித்திரம்" படித்தோர் அந்தத் தந்தையின் அலைச்சலை மறக்கமாட்டார்கள். எனினும் அத்தகைய தந்தையும் அத்தகைய ஆசிரியரும் ஒருங்கே வாய்த்தல் எல்லாப் பிள்ளைகளுக்கும் நேர்வதன்று. விதிவிலக்கை வைத்து விதியைப் புகழலாகாது.

பிரம்பின் காலம் சட்டப்படி முடிந்தது. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் உடல் தண்டனைக்கு இடமளித்து வந்த 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டது. 2009இல் நாடாளுமன்றம் இயற்றிய கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு உடலை வருத்துவதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் ஒருங்கே தடை செய்கின்றது. கைகள் கட்டப்பட்டுவிட்டன என்று வருந்தும் ஆசிரியர்கள் இன்றும் உளர். அவர்தம் வருத்தத்தில் ஒரு பாதி நியாயமானது. பிரம்பை எடுத்துக்கொண்டவர்கள் அவ்விடத்தில் வைப்பதற்கு வேறொன்றைத் தரவில்லை. ஐம்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் ஒருவன் எழுந்து கூச்சலிடும்போது என்ன செய்யவேண்டும் என்பதைச் சுற்றறிக்கைகள் சொல்லித் தருவதில்லை. எனவே வெற்றிடத்தைப் பழைய வழக்கம் ஒன்றே நிரப்பிக்கொண்டது. "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்பதே அது.

இந்த ஒரு தொடரைப் பற்றிச் சற்று விரிவாகவே எண்ணிப் பார்க்கவேண்டும்.

அழைக்கப்படும் தந்தை ஒரு கட்டடத் தொழிலாளி என்று கொள்வோம். அவர் பள்ளிக்கு வருவதென்றால் அன்றைய கூலி போயிற்று. காலை ஒன்பதரைக்கு வந்து வராந்தாவில் நிற்பார். அமர்வதற்கு நாற்காலி இருந்தாலும் அமரமாட்டார். அப்பழக்கம் அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. வகுப்பாசிரியர் பாடவேளை முடிந்து வரும்வரை காத்திருப்பார். வந்தபின் குற்றப்பட்டியல் வாசிக்கப்படும். பேசுவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்தவை எவையும் அவர் அறிந்தவை அல்ல. தம் மகனைப் பற்றி அவர் அறிந்தவற்றைக் கேட்பவரும் அங்கு இல்லை. அவமானம் மட்டுமே அவர் கையில் மிஞ்சுகின்றது. அதனை என்ன செய்வது என்றறியாது, பத்துப்பேர் பார்க்க மகனின் கன்னத்தில் அறைகின்றார். ஆசிரியர் ஓங்கக்கூடாது என்று சட்டம் தடுத்த கை, தந்தையின் தோள் வழியாக நீண்டுவிட்டது. பள்ளி தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டது. இதனையும் சில பள்ளிகள் பெற்றோர் ஒத்துழைப்பு என்றே கணக்கில் எழுதிக்கொள்கின்றன.

இதனால் பிள்ளை கற்கும் பாடம் தெளிவானது. வீடும் பள்ளியும் சந்தித்தால் தனக்கு ஆபத்து. ஆகவே அவ்விரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இங்கிருந்துதான் மாணவனின் கற்பனை வளம் பெருகத் தொடங்குகின்றது. மதிப்பெண் அட்டையில் தந்தையின் கையொப்பத்தைத் தானே இடுவதற்கு அவன் பல இரவுகள் பயில்கின்றான். தேநீர்க் கடையில் நிற்கும் யாரோ ஒருவரைச் சித்தப்பா என்று அழைத்து வந்து நிறுத்துகின்றான். ஊரில் பாட்டி இறந்துபோவது ஆண்டிற்கு மூன்று முறையாகின்றது. சிரிப்பதற்குரிய செய்திகளே. ஆனால் இவ்வளவு திறமையும் செலவிடப்படுவது, தன்னை அறிந்த இரு தரப்பினர் தன்னைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிவிடக் கூடாது என்பதற்காக.

தமிழகத்தின் பள்ளிகளில் முதல் தலைமுறையாகக் கற்க வருவோர் பலர். அவர்களின் வீட்டுக்குப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் போனால் அதனைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் அப்பிள்ளையுடையதே. தன்மேல் சாட்டப்பட்ட குற்றத்தைத் தானே தாய்க்கு வாசித்துக் காட்டும் நிலை வேறு எந்த நீதிமன்றத்திலும் எவருக்கும் வாய்ப்பதன்று. கெட்டிக்காரப் பிள்ளை, வாசிக்கும்போதே திருத்திவிடுகின்றது. "கவனக்குறைவு மிகுதி" என்றிருப்பது "கணக்கில் கொஞ்சம் கவனம் வேண்டும்" என்று தாயின் செவியில் விழுகின்றது. உரையாசிரியர்கள்கூட மூலத்தை இவ்வளவு நயமாக மாற்றியதில்லை. தாய் பெருவிரலைப் பதித்து அனுப்புகின்றாள். பள்ளியும் நிறைவடைகின்றது, வீடும் நிறைவடைகின்றது.

கைப்பேசி வந்தபின் இந்நிலை மாறிவிட்டது என எண்ணுவோர் உளர். 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் கைப்பேசி வழியே நடந்த நாளில் பல வீடுகளில் அக்கருவி பிள்ளையின் கைக்குப் போயிற்று. மீண்டும் பள்ளி திறந்த பின்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. வகுப்பிற்கென வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் வகுப்பாசிரியர் இடும் செய்தியை வீட்டில் முதலில் காண்பவர் எவர்? குற்றம் சாட்டப்பட்ட அப்பிள்ளையே. கடிதம் சுமந்த அதே தூதன் இப்போது திரையைச் சுமக்கின்றான். கூடுதலாக ஒரு தீங்கும் சேர்ந்தது. வீட்டுப்பாடம் செய்யாதோர் பெயர்ப்பட்டியல் குழுவில் வெளியாகும்போது, நாற்பது வீட்டுக்காரரும் அதைப் படிக்கின்றனர். முன்பு வராந்தாவோடு நின்ற அவமானம் இப்போது ஊர் முழுதும் உலா வருகின்றது.

வீடு அறிந்ததும் பள்ளி அறிந்ததும் வேறு வேறு என்பதே இதன் உள்ளீடு. காலையில் நாள்தோறும் பத்து நிமிடம் தாமதமாக வரும் சிறுமி சோம்பேறி என்று பள்ளி எண்ணுகின்றது. தண்ணீர் லாரி வரும் நேரமும் பள்ளி மணி அடிக்கும் நேரமும் ஒன்றாக இருப்பதை வீடு அறியும். இரண்டாம் பாடவேளையில் உறங்கும் சிறுவன் விடியற்காலையில் பால் பாக்கெட் போட்டுவிட்டு வந்தவன். எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் பிள்ளையின் வயிறு முதல் நாள் இரவிலிருந்து காய்ந்திருக்கலாம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளை அறியாத அரசுப்பள்ளி ஆசிரியர் இலர். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் விரிவுபடுத்தப்பட்ட காலை உணவுத் திட்டத்தைச் சத்துணவின் தொடர்ச்சி என்று மட்டும் பார்ப்பது போதாது. ஒழுக்கக் கல்விக்கு எழுதப்பட்ட பாடநூல்கள் பலவற்றினும் அது மேலான ஒழுக்கக் கல்வி. பசித்தவனிடம் பொறுமையை எதிர்பார்ப்பது எந்த அறநூலும் செய்யாத காரியம்.

அவ்வாறே பள்ளி அறிந்து வீடு அறியாததும் உண்டு. வீட்டில் வாய் திறவாத பெண், வகுப்பில் பாட்டுப் பாடி அனைவரையும் சிரிக்க வைப்பவளாக இருப்பாள். பக்கத்துப் பையனின் ஏட்டை எட்டி எட்டிப் பார்ப்பதற்காகத் திட்டு வாங்கும் சிறுவனுக்குக் கரும்பலகை தெரியாமல் இருக்கலாம். கண்ணாடி ஒன்று மாட்டியதும் அவனது குறும்பு பாதியாகக் குறைந்ததைக் கண்ட ஆசிரியர்கள் பலர். வீட்டில் அவன் பார்ப்பவை எல்லாம் அருகில் உள்ளவை. ஆகவே தாய்க்கு அது தெரியாது. இரண்டு பாதி அறிவுகளும் ஒரு மேசையில் வைக்கப்படாதவரை, பிள்ளையின் நடத்தைக்குப் பெயர் சூட்டுவது எளிது. காரணம் காண்பது அரிது.

பெற்றோர் பள்ளிக்குள் நிமிர்ந்து வந்த காலமும் ஒன்று உண்டு. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையின் தலைவராகவும் இருந்த ஆண்டுகள் அவை. 1956இல் தொடங்கிய மதிய உணவுக்கு ஊரார் நெல்லும் காய்கறியும் கொடுத்தனர். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஓர் ஊர்ப் பள்ளிக்குத் தேவையானவை பட்டியலிடப்பட, ஊர் மக்கள் தத்தம் இயல்பிற்கேற்ப ஏற்றுக்கொண்டனர். ஒருவர் கூரை வேய்ந்தார். ஒருவர் மணி வாங்கிக் கொடுத்தார். ஒருவர் நாற்காலி செய்து தந்தார். அன்று பெற்றோர் பள்ளிக்குள் வந்தது கொடையாளராக. தான் கொடுத்த பலகையில் தன் மகன் அமர்ந்திருக்கின்றான் என்னும் எண்ணம் ஒரு தந்தைக்குத் தரும் நிமிர்வு, குற்றப்பட்டியல் கேட்க வரும் தந்தைக்குக் கிட்டுவதில்லை. பேச்சு அங்கிருந்து தொடங்கினால் மகனின் நடத்தையைப் பற்றியும் இருவரும் சமமாக நின்று பேசலாம்.

பின்னர் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வந்தன. கழகம் என்றதும் தமிழ்நாட்டு மாணவர் பலருக்கு நினைவுக்கு வருவது அது வெளியிட்ட வினா வங்கிப் புத்தகமே என்பது வேடிக்கையான வரலாறு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்தியது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். காகிதத்தில் இதனினும் சிறந்த ஏற்பாட்டைக் காண்பது அரிது. கூட்டங்களில் சுற்றுச்சுவர் பேசப்படுகின்றது, கழிப்பறை பேசப்படுகின்றது, அவை பேசப்பட வேண்டியவையே. பிள்ளைகள் ஏன் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கின்றனர், ஒரு பெண் ஏன் திடீரென வராமல் நின்றுவிட்டாள் என்பவை பேசப்படும் கூட்டம் அரிது. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கியதும் தேநீர் வருகின்றது, கூட்டம் கலைகின்றது.

பள்ளி வீட்டிடம் எதைக் கேட்கவேண்டும், எப்படிக் கேட்கவேண்டும் என்பதற்கு ஓர் அயல்நாட்டு எடுத்துக்காட்டைச் சொல்லலாம். தமிழ் வாசகர்க்கு அது அயலானதன்று. ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகி தம் பள்ளிப்பருவத்தைப் பற்றி எழுதி 1981இல் வெளியான "டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி" நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழிலும் கிடைக்கின்றது. முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு நீக்கப்பட்ட சிறுமி அவள். மேசையின் மூடியை ஓயாமல் திறந்து மூடினாள், சன்னலருகே நின்று தெருவில் போகும் இசைக்காரரை அழைத்தாள், குருவியோடு பேசினாள். ஆசிரியை தாயை அழைத்துப் பட்டியலிட்டார். நம்மூர் வராந்தாவில் நிகழ்வதே அங்கும் நிகழ்ந்தது. அதற்குப்பின் அந்தத் தாய் செய்ததே சிறப்பு. மகளிடம் நீக்கப்பட்ட செய்தியைச் சொல்லவில்லை. வேறு பள்ளிக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டாள். மகள் இருபது வயதைக் கடந்த பிறகே உண்மையை அறிந்தாள்.

புதிய பள்ளியின் பெயர் தோமோயி. தலைமையாசிரியர் சோசாகு கோபயாஷி. பயன்படாத இரயில் பெட்டிகளே அங்கு வகுப்பறைகள். முதல் நாளில் அவர் தாயை வீட்டிற்கு அனுப்பிவிட்டுச் சிறுமியை எதிரில் அமர்த்தி, அவள் பேச விரும்பியவற்றையெல்லாம் பேசச் சொன்னார். ஏறக்குறைய நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பழைய பள்ளியிலிருந்து வந்த குற்றப்பட்டியலைக் கொண்டு அவர் அவளை அளக்கவில்லை.

இவ்வவை சிறப்பாகக் கருதவேண்டியது, அத்தலைமையாசிரியர் பெற்றோரிடம் முன்வைத்த வேண்டுகோள்களின் மொழி. பகல் உணவில் கடலிலிருந்து கிடைப்பது ஒன்றும் நிலத்திலிருந்து கிடைப்பது ஒன்றும் இருக்கட்டும் என்றார். சத்துணவுப் பட்டியல் எதையும் அச்சடித்து அனுப்பவில்லை. எளிய வீட்டாரும் ஏதேனும் ஒரு கருவாட்டுத் துண்டும் ஒரு கீரையும் கொண்டு அவ்வேண்டுகோளை நிறைவேற்றலாம். ஒன்று குறைந்திருந்தால் அவருடைய மனைவி இரு பாத்திரங்களோடு வந்து குறைந்ததைப் பிள்ளையின் பெட்டியில் வைப்பார். கொண்டுவராத தாயின் பெயர் எங்கும் எழுதப்படாது. மற்றொரு வேண்டுகோள், பிள்ளைகளுக்கு உள்ளவற்றில் மிகப் பழைய உடையை அணிவித்து அனுப்புங்கள் என்பது. உடை அழுக்காகுமே, கிழியுமே என்னும் அச்சமின்றி அவர்கள் விளையாட வேண்டுமாம். எந்த வீட்டாலும் செய்ய இயலாததை அவர் கேட்கவில்லை. எந்த வீட்டையும் கூசவைக்கும் சொல்லால் கேட்கவில்லை. அப்பள்ளி 1937இல் தோன்றி 1945இல் டோக்கியோமீது நிகழ்ந்த குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. எட்டாண்டுகளே இருந்த பள்ளியை இன்றும் உலகம் படித்துக்கொண்டிருக்கின்றது.

இதுவரை கூறியவற்றால், வீடும் பள்ளியும் கைகோத்துவிட்டால் எல்லாம் நலமாகும் என்னும் எண்ணம் எழக்கூடும். அவ்வெண்ணம் முழுமையானதன்று. வீட்டின் கையும் தெருவின் கையும் எதைப் பற்றியிருக்கின்றன என்று பார்த்த பிறகே கோக்கவேண்டும்.

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். காரணம் சாதி. அம்மாணவன் சில நாள்கள் பள்ளிக்குப் போகாமல் இருந்தான், பள்ளி விசாரித்தது, தாய்க்குத் தெரிந்தது, தான் படும் துன்பத்தை அவன் பள்ளியில் முறையிட்டான். வீடும் பள்ளியும் பேசிக்கொள்ளவேண்டும் என்று இவ்வுரை கேட்பது அங்கு ஓரளவு நிகழவே செய்தது. முறையீட்டுக்குப் பின் அவனைக் காக்கும் ஏற்பாடுதான் இல்லாமற் போயிற்று. பேசச் சொல்லும் பள்ளி, பேசியவனின் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை இதனினும் கொடிய முறையில் எவரும் கற்பிக்க இயலாது.

அரிவாள் ஏந்திய சிறுவர்களின் பக்கமும் பார்க்கவேண்டும். மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிற்றை அணிந்து வரும் பிள்ளைக்கு அக்கயிறு பள்ளியில் தரப்பட்டதன்று. தெருவும் திருவிழாவும் உறவும் கட்டி அனுப்பியது. வகுப்பில் அதைக் கண்டும் காணாதிருந்த ஆசிரியர் அதற்கு இரண்டாம் முடிச்சுப் போட்டவராகின்றார். இங்கு வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே முரண்பாடு இல்லை. மௌனமான உடன்பாடு இருக்கின்றது. நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறுகளையும் சாதி அடையாளங்களையும் பள்ளிக்குள் தடை செய்வது, பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிச் சொற்களை நீக்குவது முதலியன அதன் பரிந்துரைகளுள் அடங்கும். கயிற்றை அவிழ்ப்பது ஒரு சுற்றறிக்கையால் ஆகக்கூடியது. கட்டிய தெருவுக்குள் சென்று பேசுவது அவ்வாறன்று. பொன்முடியார் நன்னடையை வேந்தனிடம் ஏன் வைத்தார் என்பதற்கு ஒருவாறு இங்கே விடை தெரிகின்றது. தாய்க்கும் தந்தைக்கும் தம் குலமே பெரிதாகத் தோன்றும் இடங்கள் உண்டு. அங்கே இருவருக்கும் மேலான ஒரு பொதுமுறை குறுக்கிட்டுத்தான் ஆகவேண்டும். அவ்வகையில் தண்ணடை என்பதைவிட நன்னடை என்னும் பாடத்தைக் காப்பாற்றிக்கொள்வதே இக்காலத்திற்கு நல்லது.

பொதுமுறை குறுக்கிடும் இடங்கள் சிலவே. மற்ற நாள்களில் நடப்பது சிறிய சொற்களின் போக்குவரத்து. அங்குதான் இவ்வட்டத்தின் கவிஞர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கின்றது.

பள்ளியிலிருந்து வீட்டிற்குச் செல்லும் கடிதங்களின் தமிழ் எத்தகையது? "தங்கள் மகன் / மகள் வகுப்பில் ஒழுங்கீனமாக நடந்துகொள்வதால் தாங்கள் நேரில் வந்து விளக்கமளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." இது காவல் நிலையத்துத் தமிழ். மகன் என்பதற்கும் மகள் என்பதற்கும் இடையே ஒரு சாய்கோடு. பொருந்தாததை அடிக்கக்கூட எவருக்கும் நேரமில்லை. பிள்ளையின் பெயர் அதில் பேனாவால் நிரப்பப்படும் புள்ளிக்கோடு. விளக்கமளிக்க வேண்டியவர் தந்தை என்பது எந்த அறத்தின்படி? ஐந்து மணி நேரம் பிள்ளை இருந்தது பள்ளியில்.

இவ்வட்டத்தின் கவிஞர்கள் திருமணங்களுக்கு வாழ்த்து மடல் எழுதுகின்றனர். பணிநிறைவு விழாக்களுக்கு எழுதுகின்றனர். புதுமனை புகுவோர்க்கும் எழுதுகின்றனர். எண்சீர் விருத்தமும் கட்டளைக் கலித்துறையும் மண்டப வாசலில் மஞ்சள் தாளில் பங்கிடப்படுகின்றன. அந்தக் கையால் பள்ளிகளுக்கு ஓர் உரைநடைக் கடிதம் எழுதித் தரலாம். யாப்பு வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய்க்கும் புரியும் ஏழெட்டு வரிகள் போதும். குற்றம் எதுவும் நேராத ஜூன் மாதத்தில், பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் அது வீட்டிற்குப் போகவேண்டும். பிள்ளையின் பெயர் முதல் வரியில் முழுதாக இருக்கவேண்டும். வகுப்பில் கண்ட நல்லது ஒன்றை அது சொல்லவேண்டும்; இரண்டு சொல்ல இயலாவிட்டாலும் ஒன்றாவது இல்லாத பிள்ளை இல்லை. பிறகு ஒரு கேள்வி: உங்கள் பிள்ளையைப் பற்றி எங்களுக்குத் தெரியவேண்டியது எது? விடையை எழுத இயலாதவர் வந்து சொல்லலாம். வேலைக்குச் செல்வோருக்கு ஏற்ற நேரம் மாலை ஆறு மணியா ஞாயிற்றுக்கிழமையா என்பதையும் அவர்களையே கேட்கலாம். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை வேளையில் தெருவுக்கே சென்று பாடம் சொன்னார்கள். அத்தெருக்களில் தாய்மார் வாசலில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தனர். எந்நேரத்தில் எவ்விடத்தில் வீடு பேசத் தயாராக இருக்கின்றது என்பதை அத்தன்னார்வலர்கள் நன்கறிவர்.

வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் கடிதத்திற்கும் ஒரு மாதிரி வேண்டும். "உடல்நலக் குறைவு காரணமாக" என்று தொடங்கும் விடுப்பு விண்ணப்பத்தைத் தவிர வேறு கடிதம் எதையும் பெற்றோர் பள்ளிக்கு எழுதலாம் என்பதைத் தமிழ்ப் பாடநூல்கள் கற்பிக்கவில்லை. தண்ணீர் லாரியைப் பற்றியும், தந்தை குடித்துவிட்டு வந்த இரவைப் பற்றியும், பிள்ளையின் கண் பார்வையைப் பற்றியும் ஒரு தாய் கூசாமல் எழுதுவதற்கோ சொல்வதற்கோ உரிய சொற்கள் எவை? அதைப் படிக்கும் ஆசிரியர் பிறரிடம் சொல்லாதிருப்பார் என்னும் உறுதி எந்தச் சொல்லில் அமையும்? இவை கவிதைக்குரிய வினாக்களே.

ஆண்டு விழா மலருக்குப் படைப்புகள் கேட்டுச் செயலாளர் அனுப்பும் அஞ்சலட்டை போலவே, வரும் ஏப்ரலில் இதற்கும் ஓர் அஞ்சலட்டை அனுப்பலாம். வந்து சேரும் மாதிரிகளில் நல்லவை மூன்றையோ நான்கையோ படியெடுத்து, ஊரிலுள்ள பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடம் மே மாத இறுதிக்குள் நேரில் கொடுக்கலாம்.